அம்பறாத்தூணி: ‘குவிவர்ஃபுல்’ என்ற சொல்லுக்குள் இருக்கும் அம்பு

அமெரிக்காவில் பத்து, பன்னிரண்டு, பத்தொன்பது பிள்ளைகளோடு வாழும் பழமைவாதக் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது ‘குவிவர்ஃபுல்’ என்ற சொல் தவறாமல் வரும். தமிழில் எழுதும்போது அதை ‘பெரிய குடும்பம்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அதில் இரண்டு சிக்கல். பெரிய குடும்பம் என்றால் நமக்குக் கூட்டுக்குடும்பமும் நினைவுக்கு வரும், வசதியான குடும்பமும் நினைவுக்கு வரும். இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. அந்தச் சொல்லுக்குள் எண்ணிக்கையே கிடையாது. இருப்பது அம்பு. அம்பை எடுத்துவிட்டால், இந்தக் குடும்பங்களைப் பற்றி அந்த நாட்டில் நடக்கும் சண்டை எதைப் பற்றியது என்றே விளங்காது.

சொல் பிறந்த இடம் பைபிளில் 127ஆம் சங்கீதம் என்ற துதிப்பாடல். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இப்படிச் சொல்கிறது:

“இதோ, பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம், கர்ப்பத்தின் கனி அவரால் கிடைக்கும் பலன். வாலவயதின் குமாரர் பலவான் கையிலுள்ள அம்புகளுக்கு ஒப்பாயிருக்கிறார்கள். அவைகளால் தன் அம்பறாத்தூணியை நிரப்பின புருஷன் பாக்கியவான். அவர்கள் நாணமடையாமல் ஒலிமுகவாசலில் சத்துருக்களோடே பேசுவார்கள்.”

இதில் வரும் ‘சுதந்தரம்’ என்ற சொல்லை நான் வெகுநாள் விடுதலை என்றே படித்துக்கொண்டிருந்தேன். பழைய தமிழ் பைபிளில் அதற்குப் பொருள் வேறு: வழிவழியாக வரும் உரிமைச் சொத்து. சுதந்தரவாளி என்றால் வாரிசு. எபிரேய மூலத்தில் உள்ள ‘நகலா’ என்ற சொல்லுக்கும் இதுதான் பொருள். ஆக, பிள்ளை என்பது பெற்றவர்கள் கணக்குப் பார்த்துச் சேர்த்தது அல்ல, கர்த்தர் அவர்கள் பெயருக்கு எழுதிவைத்த சொத்து. சொத்து வரும்போது யாராவது ‘போதும்’ என்பார்களா? இந்தக் குடும்பங்களின் வாதத்தைப் பிழிந்தால் மிஞ்சுவது இந்தக் கேள்விதான்.

‘வாலவயதின் குமாரர்’ என்பதும் சின்னப் பையன்களைச் சொல்லவில்லை. பெற்றவர்களின் இளமையில் பிறந்த பிள்ளைகள் என்று பொருள். அப்பனுக்கு வயதாகும்போது இவர்கள் தோள்கொடுக்கும் வயதில் இருப்பார்கள். ஒலிமுகவாசல் என்பது நகரத்தின் கோட்டை வாசல், பழைய இஸ்ரவேலில் வழக்கும் பேரமும் நடந்த இடம். எதிராளி அங்கே வந்து மல்லுக்கு நின்றால், பின்னால் மகன்கள் நிற்கும் மனிதனை லேசில் மடக்க முடியாது. அந்தக் காலத்துக் குடும்பத்துக்கு அது பிழைப்புக்கான காவல். அம்பு உவமை அங்கிருந்துதான் வருகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே பாக்கியவான் என்று சொல்லப்படுகிறவன் புருஷன். அத்தனை பேரையும் சுமந்து பெற்றவள் இந்த வரிகளில் ‘கர்ப்பம்’ என்ற ஒரு சொல்லாக மட்டும்தான் இருக்கிறாள்.

இனி அம்பறாத்தூணிக்கு வருவோம். தூணி என்றால் அம்பு வைக்கும் கூடு. ஆவநாழிகை, புட்டில் என்றும் அதற்குத் தமிழில் பெயருண்டு. அம்பு + அறா + தூணி, அதாவது அம்பு தீர்ந்துபோகாத கூடு. ‘அறா’ என்பது ‘அறாத’ என்பதன் சுருக்கம், செல்லாக்காசு என்பதில் வரும் ‘செல்லா’ மாதிரி. எடுக்க எடுக்கக் குறையாத அருச்சுனனின் தூணியை நினைத்துக்கொண்டால் சொல் சட்டென்று பிடிபடும். காலப்போக்கில் அந்தச் சிறப்புப் பொருள் தேய்ந்து, எந்த அம்புக்கூட்டுக்கும் அதுவே பெயராகிவிட்டது. அதனால்தான் பைபிளில் ‘அம்பறாத்தூணியை நிரப்பின’ என்று எழுத முடிந்திருக்கிறது. உண்மையிலேயே தீராத தூணியை யாரும் நிரப்ப வேண்டியதில்லையே.

ஆங்கிலத்தில் ‘குவிவர்’ என்றால் அம்புக்கூடு. பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். ‘குவிவர்ஃபுல்’ என்றால் ஒரு கூடு நிறைய. சங்கீதத்தின் செல்வாக்கால், வீடு நிறையப் பிள்ளைகள் இருப்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே அப்படிச் சொல்லிவந்தார்கள். 1857இல் வெளிவந்த ஆண்டனி ட்ரோலப்பின் நாவல் ஒன்றில் 14 பிள்ளைகளோடு வருமானம் போதாமல் தவிக்கும் பாதிரியாரின் பெயரே குவிவர்ஃபுல். அன்றைக்கு அது ஒரு குடும்பத்தின் நிலைமையைச் சொன்ன சொல். கொள்கையாக மாறியது பிற்பாடு.

1930இல் ஆங்கிலிக்கன் ஆயர்கள் லாம்பெத் மாநாட்டில் கருத்தடைக்கு ஓரளவு இடம் கொடுத்தார்கள். பிற புராட்டஸ்டண்ட் சபைகளும் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின. 1985இல் மேரி பிரைட் என்ற அமெரிக்க எழுத்தாளர், பெண் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், குடும்பக் கட்டுப்பாட்டைக் கைவிட வேண்டும் என்று ஒரு நூல் எழுதினார். அதை ஒட்டி வளர்ந்த போக்குக்குத்தான் இன்று குவிவர்ஃபுல் என்று பெயர். அகராதிச் சொல்லின் கடைசியில் ஒரு ‘எல்’, இயக்கத்தின் பெயரில் இரண்டு ‘எல்’. இயக்கம் என்கிறோமே தவிர, அது ஒரு சபை இல்லை. தலைவரும் இல்லை, உறுப்பினர் பதிவேடும் இல்லை. கருத்தடை செய்துகொள்வதில்லை, கர்த்தர் எத்தனை தந்தாலும் ஏற்பது, பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம், குடும்பத்துக்குத் தலைவன் கணவன். இவை சேர்ந்த வாழ்க்கை முறை அது. கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிறகு மனம் மாறி, அதைத் திரும்ப மாற்றிக்கொண்ட தம்பதிகளும் உண்டு.

அமெரிக்கா முழுவதும் இதைப் பற்றிப் பேசவைத்தது ஆர்கன்சா மாநிலத்தின் டகர் குடும்பம். ஜிம் பாப், மிஷெல் தம்பதியும் 19 பிள்ளைகளும். முதல் பிள்ளைக்குப் பிறகு கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டதாகவும், அப்போது ஒரு கரு கலைந்ததற்கு மாத்திரையே காரணம் என்று நம்பி அதை விட்டுவிட்டதாகவும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 2008இல் தொடங்கிய அவர்களின் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தலைப்பில் முதலில் 17 என்று இருந்தது, பிறகு 18, அப்புறம் 19. எண்ணாமல் ஏற்பது என்று சொன்ன குடும்பத்தை நாடே எண்ணிக்கொண்டிருந்தது. ‘குவிவர்ஃபுல்’ என்ற முத்திரையை மட்டும் அவர்கள் ஏற்கவில்லை, தாங்கள் பைபிளை நம்பும் கிறிஸ்தவர்கள், அவ்வளவுதான் என்றார்கள். எழுதும்போது இது நினைவில் இருக்க வேண்டும். பல சமயம் இது வெளியிலிருந்து ஒட்டப்படும் பெயர்.

அந்த வீட்டில் ‘கூட்டாளி முறை’ என்று ஒன்று இருந்தது. மூத்த பிள்ளை ஒவ்வொன்றின் பொறுப்பிலும் ஒரு சின்னப் பிள்ளை. உடுத்திவிடுவது, சாப்பிடவைப்பது, பாடத்துக்கு உதவுவது எல்லாம் அந்த மூத்த பிள்ளையின் வேலை. இதைப் பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பொறுப்போடு வளர்கிறார்கள், உடன்பிறந்தவர் பாசம் என்றால் இதுதான் என்றது ஒரு சாரார். அக்காவை அம்மாவாக்கிவிட்டார்கள், அந்தப் பெண்ணின் சிறுவயதை யார் திருப்பித் தருவது என்று கேட்டது மறுசாரார். எனக்கு இரண்டாவது கேள்விதான் கனமாகத் தெரிகிறது. அந்தப் பெண் தானாக இடுப்பில் தூக்கிக்கொண்ட குழந்தை இல்லை அது, அவளுக்கு ஒதுக்கப்பட்ட குழந்தை.

மக்கள்தொகை, சுற்றுச்சூழல், வரிப்பணம் என்றும் வாதங்கள் உண்டு. இந்தக் குடும்பங்கள் பலவும் தங்கள் உழைப்பிலேயே பிழைப்பவை என்பதால் வரிப்பண வாதம் எல்லோருக்கும் பொருந்தாது. 2015இல், டகர் குடும்பத்தின் மூத்த மகன் பதின்பருவத்தில் சிறுமிகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டது வெளியே வந்து, நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் அதிகமாக இருந்ததால் இது நடந்தது என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் பள்ளியும் வீடு, சபையும் வீடு, தீர்ப்பு சொல்வதும் அப்பா என்றிருக்கும் இடத்தில் ஒரு சிறுமி யாரிடம் போய்ச் சொல்வாள் என்ற கேள்வி அப்போதுதான் பொதுவெளியில் உரக்கக் கேட்டது. அம்பு என்றால் எய்பவன் திசையில் போவது. பிள்ளைக்குத் தன் திசை என்று ஒன்று உண்டா என்பதுதான் இந்த விவாதத்தின் நடுக்கேள்வி.

சரி, தமிழில் என்னவென்று எழுதுவது? ‘பதினாறும் பெற்றோர்’ என்று ஒரு யோசனை எழலாம். அந்த வாழ்த்தில் வரும் பதினாறு பிள்ளைகளைக் குறிப்பதில்லை, செல்வங்களைக் குறிப்பது. எனவே அது வேண்டாம். ‘நிறைதூணி’ என்பது ஆங்கிலச் சொல்லுக்கு நேரானதுதான், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் தூணி என்பது நான்கு மரக்கால் கொண்ட தானிய அளவும் ஆயிற்றே. நிறைதூணி என்றால் நெல் அளப்பதுபோல ஆகிவிடும். அதோடு, நிறைவு என்றால் ஒரு விளிம்பு உண்டு, அதைத் தொட்டதும் நிறுத்தலாம். இவர்கள் நம்புவது நிறுத்தாமையை. ‘அறா’ என்ற பழைய பொருளை மீட்டுக்கொண்டால், ஆங்கிலப் பெயரைவிட அம்பறாத்தூணி என்ற தமிழ்ச்சொல்லே இந்தக் கொள்கைக்கு நெருக்கமாக இருக்கிறது.

ஆகவே இயக்கத்துக்கு ‘அம்பறாத்தூணி இயக்கம்’ என்றே எழுதுகிறேன். ட்ரோலப் காலத்துப் பொதுச்சொல்லுக்கு ‘வீடு நிறைந்த பிள்ளைகள்’ போதும். ஆமிஷ், ஹட்டரைட் என்ற கிறிஸ்தவச் சமூகங்களையும் இஸ்ரேலில் தீவிரப் பழமைவாதிகளான ஹரேதி யூதர்களையும் இந்தப் பெயரில் அழைக்கக்கூடாது. அவர்களிடமும் பிள்ளைகள் அதிகம், ஆனால் அவர்களின் மரபும் வரலாறும் வேறு. ‘பலுகிப் பெருகி’ என்ற ஆதியாகமக் கட்டளைதான் ஹரேதிகளுக்கு முதன்மை. அவர்களுக்கெல்லாம் பொதுவாகப் ‘பல பிள்ளைக் குடும்பங்கள்’ என்பது சரியாக இருக்கும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தமிழ் கைகொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘குவிவர்’ என்ற அதே ஒலியில் நடுங்குவது என்று பொருள்படும் இன்னொரு சொல் இருக்கிறது, வேர் வேறு. இந்த வாழ்க்கையிலிருந்து வெளியேறிய பெண்கள் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப்போட்டுத் தங்கள் வலைத்தளத்துக்கு ‘நோ லாங்கர் குவிவரிங்’ என்று பெயர் வைத்தார்கள்: அம்புக்கூட்டில் இல்லை, நடுங்கவும் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லும் பெயர். அதை நான் ‘இனி நடுங்கோம்’ என்று எழுதுகிறேன். அம்பு விட்டுப்போகிறது, வருத்தம்தான். ஆனால் அறா என்பதைப் போலவே நடுங்கோம் என்பதிலும் ‘இல்லை’ என்று தனியாக ஒரு சொல் கிடையாது. மறுப்பு வினைக்குள்ளேயே இருக்கிறது, ‘நமனை அஞ்சோம்’ என்று அப்பர் பாடியபோது இருந்ததுபோல.