பார்க்காத மண்ணுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். எம்.இ. சாயில் மெக்கானிக்ஸ் (மண் இயக்கவியல்) முடித்து, கட்டடம் வருவதற்கு முன் நிலத்தில் துளை (போர்) போட்டு மண்ணைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. "அண்ணா, ரிப்போர்ட்ல நாலு போர் காட்டியிருக்காங்க. சைட்ல ரெண்டுதான் போட்டாங்க. மிச்ச ரெண்டை பக்கத்துப் போரைப் பார்த்து நிரப்பி சைன் பண்ணச் சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?"

இந்த வருடம் இப்படி வந்த மூன்றாவது போன் இது. முதல் இரண்டு பேரிடம் நிதானமாகப் பேசினேன். இவனிடம் கத்திவிட்டேன், பாவம்.

கையெழுத்துப் போடாதே. அதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது வேறு. படித்த பிள்ளைக்கு இதைக் கேட்கும் அளவுக்குச் சந்தேகம் ஏன் வருகிறது? ஜியோடெக் (மண், பாறை சார்ந்த பொறியியல்) வேலை என்றால் ஏ.சி. அறையில் பிளாக்ஸிஸ் மென்பொருள் ஓட்டுவது என்று நினைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் வருகிறார்கள். அந்த மென்பொருளுக்குள் போடும் எண் எந்தச் சேற்றிலிருந்து வந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். மண் எவ்வளவு கெட்டி என்று காட்டும் 'N' வேல்யூவையே எடுத்துக்கொள்ளுங்கள். துளைக்குள் ஒரு குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி எண்ணுவது அது. 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ வேண்டும். முதல் 15 செ.மீ.க்கான அடிகளைத் தள்ளிவிட்டு அடுத்த 30 செ.மீ.க்கு எத்தனை அடி என்று எண்ண வேண்டும். மதியம் இரண்டு மணி வெயிலில் கயிறு இழுப்பவர் அந்த 75ஐ 50 ஆக்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடியின் வலு குறைந்தால் எண்ணிக்கை ஏறும், களிமண் காகிதத்தில் மட்டும் கெட்டியாகிவிடும். பக்கத்தில் நிற்காதவனுக்கு இது எப்படித் தெரியும்?

எனக்கு எல்லாவற்றையும் விட எரிச்சல் தருவது ஒரு வாக்கியம்: "ரெஃப்யூசல் வந்தாச்சு சார், பாறை வந்தாச்சு."

வரவில்லை. ரெஃப்யூசல் என்றால் எத்தனை அடித்தும் சுத்தியல் இறங்கவில்லை, அவ்வளவே. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் இருப்பது சார்னோக்கைட். (கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறைதான், பெயரும் அதிலிருந்தே வந்தது.) இந்தப் பாறை மேலிருந்து கீழாக ஒரே சீராக மக்குவதில்லை. வெடிப்புகளின் வழியே தண்ணீர் இறங்கி, ஓரத்திலிருந்து உள்நோக்கி மக்கும். நடுவில் உருண்டையாகக் கெட்டிக் கல் மிஞ்சும். பலாச்சுளைக்குள் கொட்டை மாதிரி. உங்கள் சுத்தியல் அந்தக் கொட்டையில் முட்டி நிற்கிறது. கொட்டைக்குக் கீழே மறுபடி சுளை. அதே கட்டடத்தின் அடுத்த பைல் (அஸ்திவாரத் தூண்) இன்னும் ஆறு மீட்டர் இறங்கிப் போகும்போதுதான் எல்லோரும் மண்ணைத் திட்டுவார்கள். மண் என்ன செய்யும்?

ஆகவே ரெஃப்யூசலுக்குப் பிறகு குறைந்தது 3 மீட்டராவது கோர் (பாறையை உருளையாக வெட்டி எடுக்கும் மாதிரி) எடுங்கள். எடுத்த கோரை நீங்களே பெட்டியில் அடுக்குங்கள். பாறையின் தரத்தைச் சொல்லும் ஆர்.க்யூ.டி. என்பது, ஒரு தடவை துளைத்த நீளத்தில் (ரன்) 10 செ.மீ.யும் அதற்கு மேலும் உள்ள துண்டுகளின் மொத்த நீளம் எத்தனை சதவீதம் என்பது. 1.5 மீட்டர் ரன்னில் 90 செ.மீ. தேறினால் 60 சதவீதம். ஆனால் கோர் வரும் குழாயான பேரலிலிருந்து தட்டி எடுக்கும்போது உடைந்த துண்டையும் வெடிப்பு என்று எண்ணிவிட்டால் நல்ல பாறை கெட்ட பாறையாகும். பழைய வெடிப்பின் முகத்தில் பெரும்பாலும் துருக்கறை படிந்திருக்கும், புது உடைப்பு பளிச்சென்று இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் தெரிகிற விஷயம். போட்டோவில் தெரியாது.

பாறை இயக்கவியல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுரங்கப் பொறியியல் வழியாகவும் வரலாம், கிண்டியிலேயே அந்தப் படிப்பு இருக்கிறது. இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு இல்லை. கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். அங்கே பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவதில் எத்தனையோ பேர் போனார்கள். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் அந்த ஊரில்தான் தொடங்கப்பட்டது.

பெற்றோரே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். "பொம்பளப் பிள்ளைக்கு துளை போடுற ரிக் பக்கத்துல என்ன வேலை" என்று தடுக்காதீர்கள். நிலத்தடிச் சுரங்கத்திலேயே பெண்கள் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளில் பகல் நேரத்தில் இறங்கலாம் என்று 2019இலேயே அனுமதி வந்துவிட்டது. சைட்டில் ஒரு கழிப்பறை கேட்டு வாங்கிக் கொடுங்கள், அது போதும். முதல் இரண்டு வருடச் சம்பளம் பக்கத்து வீட்டு ஐ.டி. பையனோடு ஒப்பிடும்படி இருக்காது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சேர்ந்த பிறகு: ஒவ்வொரு போருக்கும் இடம் தெரியும்படி போட்டோ எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆழத்தை ட்ரில்லரிடம் கேட்காதீர்கள், இறக்கிய ராடை (துளையிடும் கம்பி) எண்ணுங்கள். போர் முடிந்த அன்றே தண்ணீர் மட்டத்தை எழுதிவிட்டு வண்டி ஏறாதீர்கள். மறுநாள் காலை போய் மறுபடி பாருங்கள், அன்று எழுதியது பெரும்பாலும் துளைக்கும்போது நீங்கள் ஊற்றிய தண்ணீர். ட்ரில்லருக்கு டீ வாங்கிக் கொடுங்கள். கேசிங் (துளை சரியாமல் தாங்கும் குழாய்) எங்கே தானாக இறங்கியது, எங்கே சிக்கியது என்று அவருக்குத் தெரிந்த அளவு உங்கள் பேராசிரியருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தத் தம்பி கையெழுத்துப் போடவில்லை. இப்போது வேறு இடத்தில் வேலை தேடுகிறான். நேற்று ராத்திரி மறுபடி போன் செய்து, "களக்குறிப்பைப் பேனாவுல எழுதலாமாண்ணா?" என்று கேட்டான். பென்சில், தம்பி. மழையில் பேனா மை கரையும்.