பாக்கு எப்படிக் கிறுகிறுக்க வைக்கிறது?

தாம்பூலம் தரித்துப் பழக்கமில்லாத ஒருவர் விருந்துக்குப் பின் கொட்டைப்பாக்கை மென்றால், சில நிமிடங்களில் காது மடல் சூடேறும், நெற்றி வியர்க்கும், தலை கிறுகிறுக்கும். வெற்றிலையின் உறைப்புதான் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் ஆல்கலாய்டின், அதாவது தாவரங்களில் இயற்கையாக உருவாகி உடலைப் பாதிக்கும் ஒருவகை வேதிப்பொருளின், வேலை. காபியிலுள்ள காஃபீனையும் புகையிலையிலுள்ள நிக்கோட்டினையும் ஊக்கப்பொருள்கள் என்று தயங்காமல் சொல்லும் நாம், மங்கலத் தட்டில் இடம்பெறுவதாலேயே பாக்கை அந்த வரிசையில் வைக்கத் தயங்குகிறோம். மனநிலையை மாற்றும் பொருள்களுள் புகையிலை, மது, காஃபீன் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக உலகில் அதிகம் பயன்படுவது பாக்குதான்.

இதில் சுண்ணாம்பின் பங்கு வியக்கத்தக்கது. பாக்கை மட்டும் மெல்லும்போது அரிகோலினின் கணிசமான பகுதி மின்னேற்றம் பெற்ற நிலையில் எச்சிலில் கரைந்திருக்கும். அந்த நிலையில் அது கொழுப்பாலான செல்சவ்வை எளிதில் கடக்காது. சுண்ணாம்பு எச்சிலின் காரத்தன்மையைக் கூட்டியதும், அரிகோலின் மின்னேற்றத்தை இழந்து, கன்னத்தின் உட்புறத் தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. வாய் சிவப்பதும் இதே காரத்தன்மையால்தான்: பாக்கிலுள்ள பாலிஃபீனால்கள் அதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறம் மாறுகின்றன.

இரத்தத்தில் கலந்த அரிகோலின், நரம்புகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலினைப் போல நடிக்கிறது. அசிட்டைல்கோலின் வந்து பற்றிச் செல்களைத் தூண்டும் இடங்களான ஏற்பிகள், உடலில் இரு வகையாக உள்ளன. மஸ்கரினிக் ஏற்பிகளை அரிகோலின் தூண்டும்போது எச்சில் ஊறுகிறது, வியர்வை பெருகுகிறது, குடலின் அசைவு கூடுகிறது. உணவுக்குப் பின் தாம்பூலம் என்ற வழக்கத்துக்கு இங்கே ஓர் உடலியல் அடிப்படை தெரிகிறது. இந்த ஏற்பிகள் மட்டும் தூண்டப்பட்டால் இதயத் துடிப்பு குறைய வேண்டும். ஆனால் மெல்பவர்களுக்கோ துடிப்பு கூடுகிறது, இரத்தத்தில் அட்ரினலினும் நார்அட்ரினலினும் உயர்கின்றன. மற்றொரு வகையான நிக்கோட்டினிக் ஏற்பிகளில் சிலவற்றையும் அரிகோலின் ஓரளவு தூண்டுகிறது. புகைப்பவரின் மூளையில் நிக்கோட்டின் சென்று பற்றும் ஏற்பிகளே அவை என்பதால், பாக்கை விட முயல்பவர்களுக்கு எரிச்சலும் தவிப்பும் கவனச் சிதறலும் ஏற்படுவதை மனவலிமைக் குறைவு என்று சொல்வது அநியாயம்.

நெடுங்காலம் பாக்கின் மீது விழவேண்டிய பழி, அதனுடன் சேர்த்து மெல்லும் புகையிலையின் மீது மட்டுமே விழுந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-இல் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்தது. புகையிலை இல்லாத தாம்பூலத்தையும் பாக்கையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது 2004-இல்தான். தைவானில் புகையிலை சேர்க்காமலே பாக்கு மெல்கிறார்கள். அங்கும் வாய்ப் புற்றுநோய் மிகுதி. ஆகவே பான் மசாலா பொட்டலத்தில் 'புகையிலை இல்லை' என்று அச்சிடுவதை ஓர் உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றே நான் கருதுகிறேன்.

புற்றுநோய்க்கு முன்பே வரக்கூடியது வாயின் அடிச்சவ்வு நார்மயமாதல், அதாவது வாயின் உட்புறச் சவ்வுக்கு அடியில் நார்த்திசு பெருகி இறுகும் நோய். கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் கண்டு 1952-இல் இது விவரிக்கப்பட்டது. அரிகோலின் நார்செல்களைத் தூண்டிக் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை மிகுதியாகச் சுரக்க வைக்கிறது. பாக்கிலுள்ள டானின்கள் அந்தக் கொலாஜன் சிதையாமல் தடுக்கின்றன. பாக்கில் நிறைந்துள்ள தாமிரம், கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதிக்குத் துணைபோகிறது. மென்மையாக இருக்க வேண்டிய கன்னம் இப்படித்தான் தோல்வார் போல இறுகுகிறது. விழாநாளில் எப்போதோ மெல்லும் ஒரு பாக்குக்கும், நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. இறுகிய சவ்வு, பழக்கத்தை நிறுத்தினாலும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. வழக்கமாக உண்ணும் மிளகாய்க் குழம்பே திடீரென வாயைச் சுடுவதும், கன்னத்தின் உட்புறம் வெளுத்துத் தெரிவதும் இதன் தொடக்க அறிகுறிகள். நிறுத்துவதால் கிடைக்கும் பலன் அந்தக் கட்டத்தில்தான் மிக அதிகம்.