பட்டுதானா, கைத்தறிதானா, காஞ்சிபுரம்தானா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பட்டுப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பது, முந்தானைக்குக் குச்சம் கட்டுவது, நைந்த ஜரிகையைச் சரிசெய்வது என் தொழில். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் ஒரு கல்யாணம் என்றால் அந்த வீட்டுப் புடவைகள் என் மேஜைக்கு வரும். 'ப்யூர் கைத்தறிக் காஞ்சிபுரம்' என்று சொல்லித்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: நூல் பட்டா, நெசவு கைத்தறியா, ஊர் காஞ்சிபுரமா? ஒன்றுக்குக் கிடைத்த பதிலையே மற்ற இரண்டுக்கும் நம்பிவிடுவதால்தான் பணம் போகிறது.

இதில் நம் மக்களைக் குறை சொல்ல முடியாது. 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்தியது. 1990களின் தொடக்கத்தில்தான் அந்தக் கதவு மறுபடி திறந்தது. பத்துப் புடவையைப் பிரித்து, புரட்டி, தொட்டுப் பார்த்துப் பழகும் வாய்ப்பு இரண்டு தலைமுறைக்குச் சரியாக அமையவில்லை. இப்போது போனில் படம் பார்த்தே ஆர்டர் போடுகிறோம்.

முதலில் நூல். பட்டு இழையை எரித்தால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். ரேயான் காகிதம் போல எரியும். இது பலருக்கும் தெரியும். ஆனால் எந்த இழையை எரிப்பது என்பதில்தான் ஏமாறுகிறோம். அண்மையில் மணப்பெண்ணின் அம்மா ஒருவர், "குஞ்சத்து நூலை எரிச்சுப் பார்த்துட்டேன் ஆன்ட்டி, பட்டுதான்" என்றார். முந்தானை நுனியில் தொங்குவது நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மட்டும். ஜாக்கெட் துணியின் வெட்டு விளிம்பிலிருந்து குறுக்கே ஓடும் ஊடை இழை ஒன்றை உருவி எரித்தேன். சுருங்கி, உருகி, கரும்புள்ளியாக நின்றது. பாவு பட்டு, ஊடை பாலியஸ்டர். விலையோ முழுப் பட்டுக்கானது. அதனால் இரண்டையும் தனித்தனியாக எரித்துப் பாருங்கள்.

சில்க் மார்க் முத்திரை (2004இல் வந்தது) நூல் சுத்தப் பட்டு என்பதற்கு மட்டுமே உறுதி. கைத்தறி என்று அது சொல்லவில்லை. அதற்கு ஹேண்ட்லூம் மார்க் தனியாக இருக்கிறது. மைசூர் சில்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடக அரசின் பட்டு நிறுவனமான கேஎஸ்ஐசியின் ஆலையில் தயாராவது அருமையான அசல் பட்டு, ஆனால் விசைத்தறி நெசவு. அது குறையல்ல, கைத்தறி என்று நினைத்து வாங்காமல் இருந்தால் போதும். ஓரத்து ஊசித் துளைகளைக் காட்டிக் கைத்தறி என்று சாதிப்பவர்களும் உண்டு. விசைத்தறியிலும் அந்தத் துளைகள் விழும்.

காஞ்சிபுரப் புடவையில் நான் பார்ப்பது உடலும் கரையும் சேரும் இடம். கோர்வை நெசவில் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாக்கள் மூன்று ஓடும்: உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. உடல் ஊடையும் கரை ஊடையும் அந்த வரிசையில் பின்னிக்கொண்டு திரும்பிவிடும். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை என்றால் பச்சையில் அரக்கு கலந்திருக்காது. புடவையைத் திருப்பி, அந்த வரியை விரலால் தடவினால் பிணைப்பு தட்டுப்படும். கோர்வை இல்லாத காஞ்சிபுரமும் உண்டு. அதற்குக் கோர்வை விலை கொடுக்காதீர்கள்.

பனாரஸிலும் பின்பக்கம்தான் பேசும். கடுவா முறையில் ஒவ்வொரு பூவையும் தனித்தனியாக நெய்வதால் பின்னால் தொங்கும் இழை இராது. மற்றவற்றில் இழைகளை வெட்டிவிட்டிருப்பார்கள், அல்லது நீளமாக ஓடவிட்டிருப்பார்கள். ஓடும் இழை வளையலிலும் மெட்டியிலும் மாட்டும். என்னிடம் ரிப்பேருக்கு அதிகம் வருவது அதுதான். குஜராத்தின் பாடன் படோலா புடவையில் பாவு, ஊடை இரண்டையும் கட்டிச் சாயமேற்றிய பிறகே நெய்வார்கள். ராஜ்கோட் படோலாவில் வழக்கமாக ஊடைக்கு மட்டும்தான் அந்த வேலை. விலை இறங்குவது அதனால்தான்.

அப்புறம் நம் ஊர் வெயில். தைப்பூசக் காவடி இங்கே கோடையின் உச்சத்தில் வருகிறது. ஜனவரிப் புழுக்கத்தில் கனமான ஜரிகைப் பட்டைக் கட்டிக்கொண்டு ரதத்தின் பின்னால் நடந்தால், வியர்வைக் கறை அக்குளில் நிரந்தரமாகிவிடும். அதற்கு லேசான ஆரணிப் பட்டோ, பட்டும் பருத்தியும் கலந்த கூறைநாட்டுப் புடவையோ போதும். கனத்த காஞ்சிபுரத்தை ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியா பக்கத்துக் குளிர்காலக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைக் காற்றில் ஜரிகை சீக்கிரம் கறுக்கும். பிளாஸ்டிக் பையில் மூடினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது.

ஊருக்குப் போகிறவர்களிடம் பணம் கொடுத்து வாங்கிவரச் சொல்லும்போது, பில்லில் நான்கு விஷயங்களை எழுதி வாங்கச் சொல்லுங்கள்: பாவும் ஊடையும் பட்டா, கைத்தறியா, கோர்வையா, ஜரிகை வெள்ளியா வேறா. எழுதித் தரத் தயங்கும் கடையில் அந்த விலைக்கு வாங்க வேண்டாம்.