ஓடாமலே எடுத்த ஓட்டம்

1997 ஓகஸ்ட்டில் கொழும்பு பிரேமதாச மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை அணி 952 ஓட்டங்கள் குவித்தது. டெஸ்ட் இன்னிங்ஸ் ஒன்றில் எடுத்த ஆகக்கூடிய ஓட்டங்கள் இன்றும் அதுதான். அவ்வளவும் ஓடி எடுத்ததா? பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால் துடுப்பாட்டக்காரர் நின்ற இடத்திலேயே நிற்கலாம். ஆனாலும் நாலு ஓட்டம்.

ஆங்கிலத்தின் 'ரன்' என்ற சொல்லும் இப்படித்தான் காலை விட்டு எங்கேயோ போய்விட்டது. ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதிக்காக அந்த ஒரு வினைச்சொல்லைத் திருத்தி எழுத அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. வந்த பொருள்கள் 645. மூக்கு ஒழுகுவது, துணியில் சாயம் இறங்குவது, கடை நடத்துவது எல்லாமே அவர்களுக்கு 'ரன்'தான். நாம் தேர்தலில் நிற்கிறோம்; அமெரிக்கர் அதே தேர்தலில் ஓடுகிறார்கள்!

எல்லாம் கால் ஓடியதில் இருந்து கிளைத்தவை. கால்போல நீர் ஓடியது, நீர்போல இயந்திரம் ஓடியது. புதிதாக ஒன்று வரும்போது புதுச்சொல் செய்வதைவிட, வாயில் பழகிய சொல்லை இழுத்துப் போர்த்துவது சுலபம். அதனால் அதிகம் புழங்கும் சொல்லுக்கே பொருளும் அதிகம். 1945இலேயே மொழியியலாளர் ஜோர்ஜ் சிப்ஃப் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்.

நாமும் குறைந்தவர்கள் அல்ல. கொழும்பு வெள்ளவத்தையில் "கார் ஓடத் தெரியுமா?" என்று கேட்டால் யாரும் குழம்பமாட்டார்கள். சென்னையில் இருந்து வந்தவர்தான் ஒரு கணம் முழிப்பார், அவருக்கு அது 'ஓட்ட'. ஆனால் கூரை ஓடு வேறு கதை. அதற்கும் ஓடுவதற்கும் உறவில்லை, ஒலி மட்டும் ஒன்று. மூளைக்கும் இந்த வித்தியாசம் தெரிகிறது. உளவியலாளர் ஜெனி ரொட்டும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், உறவுள்ள பல பொருள்கள் கொண்ட சொற்களை மக்கள் விரைவாக இனங்கண்டார்கள். உறவில்லாத பொருள்கள் கொண்டவற்றில் தாமதித்தார்கள்.

சரி, பேச்சின் நடுவே சரியான பொருளை எப்படிப் பிடிக்கிறோம்? 1979இல் உளவியலாளர் டேவிட் ஸ்வின்னி ஒரு சோதனை செய்தார். ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி. ஒட்டுக்கேட்கும் கருவியும் அதுதான். அந்தச் சொல் வரும் வாக்கியத்தைக் காதில் கேட்கும்போதே திரையில் வேறொரு சொல் மின்னும். சிலந்தி, கரப்பான் என்று பூச்சிகளைப் பற்றியே பேசியும், 'பக்' ஒலித்த கணத்தில் 'எறும்பு' மட்டுமல்ல, 'உளவாளி' என்ற சொல்லும் வேகமாகப் பிடிபட்டது. மூன்று அசை தாண்டியபின் எறும்பு மட்டும்தான் மிஞ்சியது. அதாவது மூளை முதலில் எல்லாக் கதவையும் திறக்கிறது, அப்புறம்தான் வேண்டாததை மூடுகிறது.

அப்படிப் பார்த்தால் பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடையில் "அண்ணே, ஓடு இருக்கா?" என்று கேட்கும்போது, முதலாளியின் தலைக்குள்ளும் யாரோ ஒருவர் அரை நொடி ஓடி மறைந்திருக்கக்கூடும். அவருக்கே அது தெரியாது. "கூரை சீட் இருக்கு, ஓடு இல்லை" என்பார்.