ஓடிய தூரத்தில் அவருடையது எவ்வளவு?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக் என்.எஃப்.எல். அதன் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி டிராஃப்ட். 1995 ஏப்ரலில் நடந்த டிராஃப்டில் முதலாவதாக அழைக்கப்பட்ட பெயர் கி-ஜானா கார்ட்டர். பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் ரன்னிங் பேக், அதாவது பந்தோடு ஓடுபவர். அதற்கு முந்தைய சீசனில் அவர் பந்தோடு ஓடிய தூரம் 1,539 யார்டு. பந்தைக் கையில் வாங்கிய ஒவ்வொரு முறைக்கும் சராசரி 7.8 யார்டு. ரோஸ் பௌல் என்ற புகழ்பெற்ற கல்லூரி ஆட்டத்தில் அவருடைய அணி பந்தைத் தொட்ட முதல் வாய்ப்பிலேயே 83 யார்டு ஓடி முடித்துவிட்டார்.

அதே டிராஃப்டில் 74-ஆவதாக வந்தவர் கர்ட்டிஸ் மார்ட்டின், 196-ஆவதாக வந்தவர் டெரல் டேவிஸ். மார்ட்டின் தொழில்முறை ஆட்டத்தில் 14,101 யார்டு ஓடினார். டேவிஸ் 1998-இல் ஒரே சீசனில் 2,008 யார்டு ஓடினார். இருவரும் இன்று, தலைசிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். கார்ட்டரின் ஒட்டுமொத்தத் தொழில்முறைக் கணக்கு 1,144 யார்டு.

கார்ட்டரின் முழங்கால் கிழிந்தது துரதிர்ஷ்டம்; அதை எந்தத் தேர்வாளர் மீதும் பழியாகச் சுமத்த முடியாது. என்னை யோசிக்க வைப்பது மற்ற இருவரின் கதை. மார்ட்டினும் டேவிஸும் கல்லூரியின் கடைசி ஆண்டில் காயப்பட்டவர்கள். அவர்களுடைய யார்டுக் கணக்கு மெலிந்திருந்தது. அந்தக் கணக்கை மட்டும் பார்த்தவர்கள் இருவரையும் தாண்டிப் போனார்கள். அப்படியென்றால் அந்தக் கணக்கு எதைத்தான் அளக்கிறது?

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கக் கால்பந்தில் பந்து கையில் உள்ள அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு, அதாவது ஒன்பது மீட்டருக்குச் சற்று அதிகம், முன்னேற வேண்டும். குவார்ட்டர்பேக் பந்தை எறியலாம், அல்லது பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கின் கையில் கொடுத்து ஓடச் சொல்லலாம். எதிரே 11 பேர் அவரை வீழ்த்தக் காத்திருக்கிறார்கள். அவருக்கு வழி திறந்துவிடுவது முன்னால் நிற்கும் ஐந்து லைன்மேன்கள். ஒவ்வொருவரும் 140 கிலோவை ஒட்டிய ஆள்.

விஷயம் இந்த ஐவரிடம்தான் தொடங்குகிறது. 1994-இன் பென் ஸ்டேட் அணியைப் பாருங்கள். அதன் குவார்ட்டர்பேக் கெர்ரி காலின்ஸ் அதே டிராஃப்டில் 5-ஆவதாகப் போனார். எதிராளியை மறிக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் கைல் பிரேடி 9-ஆவது. லைன்மேன் ஜெஃப் ஹார்ட்டிங்ஸ் மறு ஆண்டு முதல் சுற்றிலேயே போனார். கார்ட்டரின் 7.8 யார்டில் இவர்கள் எல்லோருடைய வியர்வையும் இருக்கிறது.

இதைவிடத் தெளிவான வழக்கு டிரென்ட் ரிச்சர்ட்சன். அலபாமாவில் 2011 சீசனில் 1,679 யார்டு. 2012-இல் கிளீவ்லாண்ட் அணி, நான்காவது இடத்தில் இருந்தும் ஓர் இடம் மேலேறக் கூடுதல் விலை கொடுத்து, அவரை மூன்றாவதாக எடுத்தது. முதல் ஆண்டில் ஓட்டத்துக்கு 3.6 யார்டு. மறு சீசனின் தொடக்கத்திலேயே அவரை இண்டியானாபொலிஸ் அணிக்குக் கைமாற்றினார்கள். அவருடைய தொழில்முறைச் சராசரி 3.3-இல் நின்றது. அலபாமாவில் அவருக்கு முன்னால் நின்றவர்கள் யார்? அந்த ஆண்டின் சிறந்த லைன்மேனுக்கான அவுட்லேண்ட் விருதை வாங்கிய பேரெட் ஜோன்ஸ், பிறகு 2013 டிராஃப்டில் அடுத்தடுத்து 10, 11-ஆவதாகப் போன சான்ஸ் வார்மாக்கும் டி.ஜே. ஃப்ளூக்கரும். கல்லூரியில் அவர் நுழைந்த வழிகள் அரண்மனை வாசல்கள். என்.எஃப்.எல்.லில் அவருக்குக் கிடைத்தது ஆள் ஒருக்களித்துப் போகும் சந்து.

ஆகவே நல்ல தேர்வாளர் முதலில் யார்டை இரண்டாகப் பிரிப்பார். எதிராளி முதன்முதலாகத் தொடும்வரை ஓடிய தூரம் ஒன்று. தொட்டபின் ஓடிய தூரம் மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் லைன்மேன்களின் சம்பாத்தியம். இரண்டாவது பெரும்பாலும் ஓடுபவரின் சொந்தக் காசு. அதனால்தான் ஒரே 100 யார்டு இரண்டு வீரர்களிடம் வெவ்வேறு பொருள் தருகிறது.

சராசரியும் ஏமாற்றும். ஒருவர் பத்து ஓட்டங்களில் 5, 4, 6, 3, 5, 4, 7, 4, 5, 5 என்று எடுக்கிறார். இன்னொருவர் 1, 0, 2, 3, மைனஸ் 1, 2, 1, 0, 2, கடைசியாக ஒரு 38. இருவருக்கும் மொத்தம் 48, சராசரி 4.8. ஆனால் முதலாமவர் இருந்தால் அணி நிதானமாக நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டாமவர் ஒன்பது முறை அணியை இக்கட்டில் விட்டுவிட்டு ஒருமுறை மின்னுகிறார். அந்த ஒரு மின்னல் பலவீனமான எதிரணிக்கு எதிராக வந்திருந்தால் அதை எவ்வளவு நம்புவது? ஆகவே நீண்ட ஓட்டங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதி ஓட்டங்களில் எத்தனை சதவீதம் அணிக்குத் தேவையான தூரத்தைத் தந்தன என்று எண்ணிப் பார்க்கிறார்கள்.

மைதானமேகூட வேறு. இரண்டு இடத்திலும் அகலம் 160 அடிதான். ஆனால் ஒவ்வொரு வாய்ப்பும் எங்கிருந்து தொடங்கலாம் என்று காட்டும் ஹேஷ் கோடுகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி இடைவெளி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு கோட்டின்மேல் இருந்தால் ஒரு பக்கம் 100 அடி வெட்டவெளி கிடைக்கும். என்.எஃப்.எல்.லில் அது 89 அடியாகச் சுருங்குகிறது. எதிரே நிற்பவர்களோ இன்னும் வேகமானவர்கள். ஓரமாகச் சுற்றி ஓடியே பெயர் வாங்கிய பையன்கள் பலர் இங்கே திணறுவதற்கு இந்தப் பதினோரு அடியும் ஒரு காரணம்.

இனி எல்லோரும் ஆவலோடு பார்க்கும் சோதனைக்கு வருவோம். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி இறுதியையொட்டி இண்டியானாபொலிஸில் கம்பைன் என்ற தேர்வு முகாம் நடக்கும். அதன் நட்சத்திரம் 40 யார்டு ஓட்டம். 2008-இல் கிறிஸ் ஜான்சன் 4.24 விநாடியில் ஓடிய காட்சியை ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். 4.40-க்கும் 4.60-க்கும் உள்ள 0.2 விநாடி, ஓட்டத்தின் முடிவில் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். துரத்துபவரின் கை தொடுமா தொடாதா என்பதை முடிவு செய்யும் தூரம் அது. இருந்தாலும் ரன்னிங் பேக்கின் ஓட்டங்களில் பெரும்பாலானவை பத்து யார்டுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. அங்கே உச்ச வேகம் எட்டிப் பார்ப்பதே இல்லை. நின்ற இடத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறார் என்பதே கணக்கு. அதனால் அந்த ஓட்டத்தின் முதல் 10 யார்டு நேரத்தைத் தனியாகப் பார்ப்பவர்களை நான் கூடுதலாக நம்புவேன்.

வேகத்தோடு எடையும் சேர வேண்டும். உந்தம் என்பது நிறை பெருக்கல் திசைவேகம் என்று பள்ளியில் படித்ததுதான். 80 கிலோ ஆள் மின்னலாக ஓடினாலும் மோதலில் நின்றுவிடுவார். 105 கிலோ ஆள் அதே வேகத்தில் வந்தால் தடுப்பவர் பின்னால் தள்ளப்படுவார். பில் பார்ன்வெல் என்ற ஆய்வாளர் இதை ஒரே எண்ணாகச் சுருக்கினார். பெயர் ஸ்பீடு ஸ்கோர். எடையைப் பவுண்டில் எடுத்து 200-ஆல் பெருக்கி, அதை 40 யார்டு நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். சராசரி வீரருக்கு 100 அளவில் வரும். 233 பவுண்டு எடையோடு 4.40-இல் ஓடிய சேக்வான் பார்க்லிக்கு 124. 247 பவுண்டு டெரிக் ஹென்றி 4.54-இல் ஓடியதற்கு 116. இருவரும் பிற்பாடு ஒரே சீசனில் 2,000 யார்டைத் தாண்டினார்கள். சூத்திரம் பலித்ததுபோல் தோன்றுகிறதா? கரீம் ஹண்ட்டைப் போட்டுப் பாருங்கள். 216 பவுண்டு, 4.62 விநாடி, மதிப்பெண் 95. மூன்றாம் சுற்றில்தான் போனார். 2017-இல் அறிமுக ஆண்டிலேயே 1,327 யார்டு ஓடி லீக்கில் முதலிடம் பிடித்தார்.

ஹண்ட்டிடம் இருந்த ஒன்றைக் கடிகாரம் அளக்காது. மோதலில் விழாமல் இருக்கும் கலை அது. உடலின் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருந்தால், பக்கவாட்டில் வரும் இடி ஆளைக் கவிழ்க்கும் திருப்புவிசை குறைகிறது. முழங்கால் மடங்கி, இடுப்பு இறங்கி, குட்டையான எட்டுகள் வைப்பவரின் பாதம் எப்போதும் தரைக்குப் பக்கத்தில் இருக்கும். தள்ளினாலும் உடனே ஊன்றிக்கொள்வார். 2024-இல் போய்சி ஸ்டேட் அணிக்காக 2,601 யார்டு ஓடிய ஆஷ்டன் ஜென்டி இதற்கு அழகான சான்று. ஐந்தடி எட்டரை அங்குலம், 96 கிலோ. அடிபட்டு, சுழன்று, மறுபடி கால் ஊன்றி ஓடுவார். பெரிய கல்லூரி இல்லை என்ற ஐயத்தை மீறி 2025 டிராஃப்டில் ஆறாவதாக எடுக்கப்பட்டதற்கு அந்தச் சமநிலையே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஹென்றி இதற்கு நேர் எதிர். ஆறடி மூன்று அங்குலம், நிமிர்ந்த ஓட்டம். சிறந்த கல்லூரி வீரருக்கான 2015-இன் ஹைஸ்மன் விருது கையில் இருந்தும், இப்படி நிமிர்ந்து ஓடுபவர் என்.எஃப்.எல்.லில் அடி தாங்க மாட்டார் என்று பலர் ஒதுங்க, 2016-இல் 45-ஆவது இடம் வரை காத்திருந்தார். அவருடைய நீண்ட கை, தொட வருபவரை எட்டவே நிறுத்திவிடும் என்பதை அந்தக் கணக்கு விட்டுவிட்டது.

அடுத்தது கண். தேர்வாளர்கள் இதை விஷன் என்பார்கள். பார்வைக் கூர்மையோடு இதற்குத் தொடர்பு இல்லை. நகரும் உடல்களுக்கு நடுவே அடுத்த அரை விநாடியில் எங்கே வழி பிறக்கும் என்று ஊகிப்பதே இது. இதை விளங்கிக்கொள்ள 1990-களின் டென்வர் அணியைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. அங்கே பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸ் வளர்த்த முறையில் ஐந்து லைன்மேன்களும் ஒரே திசையில் சாய்ந்து நகர்வார்கள். வழி எங்கே என்று முன்கூட்டியே குறிக்கப்படுவதில்லை. ரன்னிங் பேக் அவர்களோடு பக்கவாட்டில் ஓடியபடியே எதிராளிகளில் யார் அதிகம் இழுபடுகிறார் என்று பார்த்து, ஒரே ஒரு திருப்பம் எடுத்து நேராகப் பாய வேண்டும். இரண்டாவது திருப்பம் கூடாது. சீக்கிரம் திரும்பினால் வழி பிறந்திருக்காது, தாமதித்தால் மூடியிருக்கும். ரிச்சர்ட்சனின் ஆட்டப் பதிவுகளைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை இதுவே: திறந்த இடம் பக்கத்தில் இருக்க, சொந்த லைன்மேனின் முதுகில் போய் முட்டுவார்.

டேவிஸ் இந்த டென்வர் முறையில்தான் மலர்ந்தார். இங்கே ஒரு சிக்கலான கேள்வி எழுகிறது. 1999-இல் டேவிஸ் காயப்பட, நான்காம் சுற்றில் எடுக்கப்பட்ட ஒலாண்டிஸ் கேரி 1,159 யார்டு ஓடினார். 2000-இல் ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்ட மைக் ஆண்டர்சன் 1,487. 2002-இல் கிளின்டன் போர்டிஸ் 1,508. முறைதான் ஓடியதா, ஆட்கள் ஓடினார்களா? எல்லா அணிகளும் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியதன் விளைவு, 2013, 2014 டிராஃப்டுகளில் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட யாரும் எடுக்கவில்லை. மலிவான ஆளை வைத்தே வேலையை முடிக்கலாம் என்ற எண்ணம் அது. நான் அதை முழுதாக ஏற்கவில்லை. டேவிஸ், சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃப் சுற்றின் எட்டு ஆட்டங்களில் 1,140 யார்டு ஓடியிருக்கிறார், ஆட்டத்துக்கு 142.5. எதிரே இருந்தவை சிறந்த அணிகள். முறை எல்லோருக்கும் ஆயிரம் தந்தது என்றே வைத்துக்கொண்டாலும் அதற்கு மேலே இருந்தது டேவிஸ்.

பந்து கையில் இல்லாத வேலைகளும் உண்டு. குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வரும் ஆளைக் கண்டுபிடித்து மறிக்கத் தெரியாத புதியவரை, முக்கியமான மூன்றாவது வாய்ப்பில் எந்தப் பயிற்சியாளரும் களத்தில் வைக்கமாட்டார். பல கல்லூரி அணிகளில் இதற்கு வேலையே குறைவு. ஆகவே ஆட்டப் பதிவுகளில் சான்றும் குறைவு. பந்தைப் பிடிக்கும் கை இன்னொன்று. டென்னசி பல்கலைக்கழகத்தில் ஆல்வின் கமாரா இரண்டு சீசனில் வெறும் 210 முறைதான் பந்தோடு ஓடினார். அதைக் குறையாகப் பார்த்தவர்கள் உண்டு. மூன்றாம் சுற்றில் நியூ ஆர்லியன்ஸ் எடுத்தது. 2017-இல், முதல் ஆண்டிலேயே, 81 பந்துகளைப் பிடித்து ஆண்டின் சிறந்த அறிமுகத் தாக்குதல் வீரரானார். குறைவான ஓட்டம் அவருக்கு வரவாகவும் இருந்திருக்கலாம்: உடம்பு புதிதாகவே இருந்தது. ரன்னிங் பேக்குகளின் உச்ச காலம் பொதுவாக இருபதுகளின் நடுவிலேயே முடிகிறது. முதல் ஒப்பந்தமோ நான்கு ஆண்டு. கல்லூரியில் வாங்கிய ஒவ்வொரு அடியும் அந்த நான்காண்டிலிருந்து கழிகிறதா என்று அணிகள் கணக்குப் போடுகின்றன. 395 ஓட்டங்களோடு கல்லூரியின் கடைசி சீசனை முடித்த ஹென்றி, 30 வயதில், 2024-இல் 1,921 யார்டு ஓடியதை அந்தக் கணக்குக்குள் எப்படி அடைப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

மீண்டும் 1995. ஆகஸ்டில் டென்வர் அணி ஒரு பயிற்சி ஆட்டத்துக்காக டோக்கியோ போயிருந்தது. டேவிஸ் அப்போது ரன்னிங் பேக் வரிசையின் கடைசியில் இருந்தார். விட்டுவிட்டு ஊர் திரும்பலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தார். பந்தை எதிரணிக்கு உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்காஃப் ஒன்றில் பந்தை வாங்கி ஓடி வந்த சான்ஃபிரான்சிஸ்கோ வீரரைத் தடுக்கும் கூட்டத்தில் அவரையும் இறக்கினார்கள். டேவிஸ் முழு வேகத்தில் ஓடிப்போய் அந்த வீரரை இடித்துச் சாய்த்தார். பயிற்சியாளர்களின் கண் அவர்மேல் விழுந்தது அன்றுதான், அதுவும் கையில் பந்தே இல்லாதபோது. சீசன் தொடங்கியபோது முதல் ரன்னிங் பேக் அவர்தான். அதே மாதம், டெட்ராய்ட்டுக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில், கார்ட்டர் மூன்றாவது முறையாகப் பந்தை வாங்கி ஓடியபோது அவருடைய முழங்கால் நார் கிழிந்தது.