சின்ன ஊர் விமானம் நின்றுபோனால்: உடான் தருவது என்ன, டிக்கெட் எடுத்தவருக்கு உள்ள உரிமை என்ன?

சேலம் விமான நிலையம் ஊருக்குள் இல்லை. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. 1993-இல் திறந்தார்கள். அன்றிலிருந்து கணக்குப் போட்டால் விமானம் வந்த ஆண்டுகளைவிட வராத ஆண்டுகளே அதிகம். 2009 கடைசியில் கிங்ஃபிஷர் வந்தது, 2011-இல் போய்விட்டது. 2018 மார்ச் 25 அன்று, சின்ன ஊர்களுக்கு மானியத்தோடு விமானம் விடும் உடான் திட்டத்தின் கீழ், ட்ரூஜெட் சென்னைக்கு ஓட்ட ஆரம்பித்தது. 2021-இல் அதுவும் நின்றது. அப்புறம் 2 வருடத்துக்கு மேல் ஓடுதளம் சும்மா கிடந்தது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்த பிறகுதான் மறுபடி உயிர் வந்தது.

ஒவ்வொரு முறை சேவை நிற்கும்போதும் எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்பது இரண்டே கேள்விதான். அரசாங்கத் திட்டத்தில் ஓடும் விமானத்தை இவர்கள் பாட்டுக்கு எப்படி நிறுத்தலாம்? ஏற்கெனவே எடுத்த டிக்கெட்டுக்கு என்ன வழி? முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதில் மனசுக்குக் கஷ்டமானது. இரண்டாவதில் சட்டம் நம் பக்கம் நிற்கிறது. ஆனால் விவரம் தெரியாமல் நாம்தான் விட்டுக்கொடுத்துவிடுகிறோம்.

மூன்று வருடக் கணக்கு

உடான் என்பது 2016 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம். முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. இந்திய விமான நிலைய ஆணையம் இதை நடத்துகிறது. விமானமே வராத, அல்லது பேருக்கு வரும் ஊர்களுக்குச் சேவை நடத்த ஏலம் விடுவார்கள். யார் குறைந்த மானியம் கேட்கிறாரோ அவருக்குத்தான் அந்த வழித்தடம்.

விமானத்தில் பாதி இருக்கைகளைக் கட்டுப்படுத்திய கட்டணத்தில் விற்க வேண்டும். 72 பேர் உட்காரும் ஏடிஆர் (சின்ன விசிறி விமானம்) என்றால் 36 இருக்கை. சுமார் 1 மணி நேரப் பயணத்துக்கு, 500 கிலோமீட்டர் தூரத்துக்கு, திட்டம் தொடங்கியபோது வைத்த உச்சவரம்பு 2,500 ரூபாய். எரிபொருள் விலையையும் விலைவாசியையும் ஒட்டி இது மாறும். மீதிப் பாதி இருக்கைகளுக்கு நிறுவனம் தன் இஷ்டத்துக்கு விலை வைக்கலாம். அதனால்தான் முதலில் பதிவு செய்தவர் மலிவாகப் போவார், பக்கத்து இருக்கைக்காரர் பல மடங்கு கொடுத்திருப்பார். இது மோசடி இல்லை, திட்டத்தின் அமைப்பே அப்படித்தான்.

அந்தப் பாதி இருக்கைகளில் வரும் நஷ்டத்தை ஈடுகட்டத்தான் மானியம். தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் மத்திய அரசின் பங்கு 80 சதவீதம், மாநில அரசின் பங்கு 20 சதவீதம். மத்திய அரசின் பங்குக்காகப் பெரிய ஊர்களுக்கு இடையே பறக்கும் விமானங்களில் தனியாக ஒரு தொகை வசூலிக்கிறார்கள். அது கடைசியில் பயணிகளின் டிக்கெட்டில்தான் போய்ச் சேருகிறது. சென்னையிலிருந்து டெல்லி போகிறவர் கொடுத்த காசில் ஒரு துளிதான் சேலத்து விமானத்தை ஓட்டுகிறது. இதுபோக மாநில அரசு விமான எரிபொருள் வரியை 1 சதவீதமாகவோ அதற்குக் கீழாகவோ குறைக்க வேண்டும். தமிழ்நாட்டில் வழக்கமான வரி 29 சதவீதம் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்று தெரியும். காவலும் தீயணைப்பும் இலவசம். இறங்குகட்டணமும் நிறுத்துகட்டணமும் கிடையாது.

சரி, இவ்வளவும் கொடுத்தால் விமானம் நிற்கக் கூடாதே? இங்கேதான் முடிச்சு இருக்கிறது. மானியம் 3 ஆண்டுக்கு மட்டும்தான். அந்த வழித்தடத்தில் வேறு யாரும் உடானில் போட்டிக்கு வரக் கூடாது என்ற பாதுகாப்பும் 3 ஆண்டுக்குத்தான். அதற்குள் ஊர் பழகிவிடும், கூட்டம் சேர்ந்துவிடும், நிறுவனம் சொந்தக் காலில் நின்றுகொள்ளும் என்பது திட்டம் போட்டவர்களின் நம்பிக்கை. 3 ஆண்டு முடிந்தபின் ஓட்டியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அந்த நம்பிக்கை எந்த அளவுக்குப் பலித்தது என்பதை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொல்கிறது. உடானின் மூன்றாம் சுற்று வரை ஒதுக்கிய வழித்தடங்கள் 774. அதில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் முழுசாக 3 ஆண்டு ஓடியவை 112. மானியம் முடிந்த பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை வெறும் 54. ஒதுக்கிய தடங்களில் நூற்றுக்கு ஏழு! இந்த எண்களைப் படித்தபோது சேலம் ஏதோ ராசியில்லாத ஊர் என்ற நினைப்பு எனக்குப் போய்விட்டது. நாடு முழுக்க இதே கதைதான்.

ட்ரூஜெட் வந்த 2018 மார்ச்சோடு 3 ஆண்டைக் கூட்டினால் 2021 மார்ச் வருகிறது. கொரோனாவும் நிறுவனத்தின் பணக் கஷ்டமும் சேர்ந்துகொண்டன. 2022-இல் அந்த நிறுவனமே பறப்பதை நிறுத்திவிட்டது. 2023 அக்டோபரில் உடானில் ஆரம்பித்த தடத்துக்கு 3 ஆண்டு என்பது 2026 அக்டோபர். உங்கள் ஊர் விமானம் எந்த மாதம் தொடங்கியது என்று பார்த்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேறு காரணங்களும் உண்டு. சேலத்தின் ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர் நீளம்தான். பெரிய ஜெட் விமானங்கள் இங்கே வழக்கமான சேவை நடத்த இது போதாது. ஏடிஆர் மாதிரி விசிறி விமானம்தான் வர முடியும். நாட்டில் ஏடிஆர் வைத்திருக்கும் நிறுவனங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒன்று பழுதாகி நின்றால் முதலில் கை வைப்பது நம்மைப் போன்ற ஊர்களில்தான். ஓடுதளத்தை நீட்ட காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிபாடி, சிக்கனம்பட்டி ஊர்களில் நிலம் கேட்டார்கள். விளைநிலத்தை எப்படிக் கொடுப்பது என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. இன்னொரு பக்கம், காலையில் கோயம்புத்தூரில் கிளம்பும் வந்தே பாரத்தில் சேலத்தில் ஏறினால் 4 மணி நேரத்துக்குள் சென்னை சென்ட்ரல். காமலாபுரம் போகும் நேரம், அங்கே காத்திருக்கும் நேரம், மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள் வரும் நேரம் எல்லாம் கூட்டினால் விமானத்துக்கும் ரயிலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சின்ன ஊர்களுக்கு ஓட்டச் சொல்லி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் விதி ஒன்றும் இருக்கிறது. பெரிய தடங்களில் ஓட்டுகிறவர்கள் அதில் குறிப்பிட்ட சதவீதத்தை வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான், லட்சத்தீவு போன்ற பகுதிகளுக்கும், இன்னொரு சதவீதத்தை மற்ற தடங்களுக்கும் ஒதுக்க வேண்டும். ஆனால் அந்த "மற்ற தடங்கள்" பட்டியலில் எந்த ஊர் என்பது அவர்கள் விருப்பம். சேலத்தை விட்டுவிட்டு வேறு ஊரில் கணக்கை நேர் செய்துகொள்ளலாம்.

ஆக, விமானம் என்பது நம் ஊருக்குக் கொடுத்த உரிமை இல்லை. மாநில அரசு நினைத்தால் நீட்டித்து மானியம் கொடுக்கலாம். ஆணையத்தின் விமான நிலையங்களில் தொகுதி எம்.பி. தலைமையில் ஆலோசனைக் குழு இருக்கிறது, அங்கே கேட்கலாம். கேட்பதாக இருந்தால் நேரம் முக்கியம். விமான அட்டவணை வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். தடங்களைக் கழிப்பது பெரும்பாலும் அந்த மாற்றத்தில்தான். அறிவிப்பு வந்த பிறகு மனு கொடுத்துப் பயனில்லை, சில மாதம் முன்னாலேயே கொடுக்க வேண்டும்.

கையில் டிக்கெட் இருந்தால்

இனி டிக்கெட் சமாச்சாரம். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இதில் தெளிவாக இருக்கிறது. உடான் டிக்கெட், சாதா டிக்கெட் என்ற வித்தியாசமும் இல்லை.

புறப்பாட்டுக்கு 2 வாரம் முன்னதாக ரத்து என்று சொல்லிவிட்டால், மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றை நிறுவனம் தர வேண்டும். 2 வாரத்துக்கும் குறைவாக, ஆனால் 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால், உங்கள் புறப்பாட்டு நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானம் தர வேண்டும், இல்லையா பணத்தைத் திருப்ப வேண்டும். தினம் ஒரு விமானம் வரும் ஊரில் 2 மணி நேரத்துக்குள் இன்னொன்றுக்கு எங்கே போவது? அதனால் நம் ஊர்க்காரருக்கு நடைமுறையில் கிடைப்பது பணம்தான்.

சொல்லாமல் ரத்து செய்தால் இவற்றோடு இழப்பீடும் உண்டு. 1 மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், 2 மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இதில் எது குறைவோ அது. மழை, புயல் போல நிறுவனத்தின் கையை மீறிய காரணம் என்றால் இழப்பீடு இல்லை. டிக்கெட் பணம் அப்போதும் உண்டு.

இந்த "சொல்வது" என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. என் பெரியம்மா சென்னையில் கண் ஆபரேஷனுக்குப் போக எங்கள் ஊர் டிராவல்ஸ் ஒன்றில் டிக்கெட் எடுத்தார். காலையில் மஞ்சள் பையில் மாத்திரைகளையும் பழைய சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு காமலாபுரம் போனால், விமானம் ரத்து. முந்தின நாளே செய்தி அனுப்பியதாகச் சொன்னார்கள். டிக்கெட் தாளை வாங்கிப் பார்த்தேன். செல் நம்பர் இருந்த இடத்தில் டிராவல்ஸ்காரரின் நம்பர்! செய்தி அவர் போனுக்குப் போய், நூறு செய்திகளுக்கு நடுவில் கிடந்திருக்கிறது. சரியான தொடர்பு விவரம் கொடுக்காத பயணிக்கு இழப்பீடு கிடையாது என்று விதியே சொல்கிறது. அதனால் பெரியம்மாவுக்கு டிக்கெட் பணம் மட்டும் வந்தது. ஏஜென்சியில் டிக்கெட் போடும்போது உங்கள் சொந்த நம்பர் அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பெரியவர்களுக்கு எடுக்கிறீர்கள் என்றால், செய்தி வந்தால் பார்க்கிற வீட்டுப் பிள்ளையின் நம்பரைக் கொடுங்கள்.

பணத்தைத் திருப்புவதற்குப் பதில், அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று வரவு வைப்பார்கள். சேவையே நின்ற ஊரில் அந்த வரவை வைத்து என்ன செய்வது? அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் முடிவு. நிறுவனம் திணிக்கக் கூடாது. கடன் அட்டையில் கட்டியிருந்தால் 7 நாளுக்குள் திரும்ப வேண்டும். ஏஜென்சி வழியாக எடுத்திருந்தாலும் பணம் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான், ஏஜென்சி அவர்களுடைய பிரதிநிதி. "அங்கே போய்க் கேளுங்கள்" என்று இரண்டு பக்கமும் அலைக்கழித்தால் இதைச் சொல்லுங்கள்.

சென்னை போய் அங்கிருந்து சிங்கப்பூர் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் ரத்தாகி அடுத்ததைத் தவறவிடும்போது பொறுப்பு நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட் என்றால் சேலம் விமானம் வராததற்குச் சிங்கப்பூர் விமானக்காரர் எதுவும் தரமாட்டார். சில நூறு ரூபாய் மிச்சம் என்று தனித்தனியாக எடுக்காதீர்கள்.

நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா செயலியில் புகார் பதியுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அழைக்கலாம். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது. டிக்கெட் நகல், பணம் கட்டிய ரசீது, ரத்து என்று வந்த குறுஞ்செய்தி மூன்றும் போதும். அந்தக் குறுஞ்செய்தியை மட்டும் அழித்துவிடாதீர்கள். எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.