போலரைசேஷன்: துருவமா, முனைவா?

அத்தைக்கு வயது 78. காலைப் பேப்பரை இன்னும் வாய்விட்டுத்தான் படிப்பார். அமெரிக்க அரசியல் பற்றிய ஒரு கட்டுரையில் ‘துருவமயமாதல்’ என்ற சொல் வந்ததும் தடுக்கி நின்றார். “இது என்னடா?” என்றார். வடதுருவம், தென்துருவம் மாதிரி ஜனங்கள் இரண்டு பக்கமாக ஒதுங்கிப் போவது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “துருவத்துல இருக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே மாட்டாங்களே. இவங்க எதிரெதிர் வீட்டுல இருந்துக்கிட்டுல்ல அடிச்சுக்கிறாங்க?”

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. சொல்லைத் தோண்டிப் பார்த்த பிறகுதான், அவர் கேட்டதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று புரிந்தது.

‘துருவமயமாதல்’ போலரைசேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு. அந்தச் சொல்லின் வேர் கிரேக்கத்துப் ‘போலோஸ்’. சுழலும் ஒன்றின் அச்சு, வானம் எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தப் புள்ளி என்று பொருள். லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போய் ‘போல்’ ஆனது. நாம் அதற்கு வைத்த ‘துருவம்’ வடமொழியில் ‘த்ருவ’. நிலையானது, அசையாதது என்று அர்த்தம். தந்தையின் மடியில் உட்காரப் போய், சிற்றன்னையால் விரட்டப்பட்டு, தவமிருந்து யாராலும் அசைக்க முடியாத ஓர் இடத்தை வானத்தில் பெற்ற சிறுவன் துருவனின் பெயரும் அதுதான். வானத்தில் ஒரே இடத்தைப் பார்த்துத்தான் இருவரும் பெயர் வைத்தார்கள். கிரேக்கன் அங்கே சுழற்சியைப் பார்த்தான், வடமொழிக்காரன் அசையாமையைப் பார்த்தான். அரசியலுக்கு இந்தச் சொல்லைக் கொண்டு வரும்போது இந்த வேறுபாடு சின்னது இல்லை. துருவம் என்றதுமே, இனி ஒன்றும் மாறாது என்ற தொனி தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

போலரைசேஷன் முதலில் அரசியல் சொல்லே அல்ல, ஒளியியல் சொல். 1808-ல் பாரிசில் எத்தியேன் லூயி மாலுஸ் என்ற பொறியாளர், லக்சம்பர்க் அரண்மனையின் சன்னல் கண்ணாடிகளில் பட்டுத் தெறித்த மாலை வெயிலை ஒரு கால்சைட் படிகத்தின் வழியாகப் பார்த்தார். அந்தப் படிகத்தில் எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரியும். ஆனால் அன்று படிகத்தைத் திருப்பத் திருப்ப, இரண்டு பிம்பங்களில் ஒன்று மங்கி மறைந்தது. காந்தத்துக்கு இருப்பது போல ஒளித் துகள்களுக்கும் முனைகள் இருக்க வேண்டும், அவை ஒரே வாக்கில் அணிவகுத்து நிற்கின்றன என்று நினைத்து அவர் வைத்த பெயர்தான் போலரைசேஷன். பிறகு வந்த அலைக் கொள்கை, ஒளிக்கு அப்படி முனைகள் எதுவும் இல்லை, அதன் அதிர்வு ஒரே தளத்துக்குள் ஒடுங்குகிறது, அவ்வளவுதான் என்று காட்டியது. விளக்கம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

நம் பாடநூல்களை எழுதியவர்கள் இந்த இடத்தில் அருமையான வேலை செய்திருக்கிறார்கள். பள்ளி இயற்பியலில் ஒளியின் போலரைசேஷனுக்குப் பெயர் ‘தளவிளைவு’. ‘போல்’ என்ற ஓசையின் பின்னால் போகாமல், உண்மையில் நடப்பது என்ன என்று பார்த்து வைத்த பெயர். மின்காப்புப் பொருளுக்குள் நேர்மின்னும் எதிர்மின்னும் எதிரெதிர் முனைகளுக்கு விலகும்போது அதே நூல்கள் ‘மின்முனைவாக்கல்’ என்கின்றன. அங்கே முனைகள் உண்மையாகவே உண்டாகின்றன, அதனால் முனை. அரசியலுக்குச் சொல் தேடும்போதும் இந்த அக்கறையோடுதான் தேட வேண்டும். அங்கே உண்மையில் நடப்பது என்ன?

அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். 1950-ல் அந்த நாட்டு அரசியல் அறிவியல் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இரண்டு பெரிய கட்சிகளுக்கும் இடையே போதிய வேறுபாடு இல்லை, வாக்காளருக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை என்பது அதில் இருந்த குறை. எழுபது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகிவிட்டது. ஆனால் கொள்கை இடைவெளி அதில் ஒரு பாதிதான். சாந்தோ ஐயங்கார் என்ற அரசியல் அறிஞரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2012-ல் எழுதிய கட்டுரைதான் மற்றப் பாதியை எடுத்துக் காட்டியது. உங்கள் பிள்ளை மாற்றுக் கட்சிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டால் வருத்தப்படுவீர்களா என்ற கேள்விக்கு, 1960-ல் ஆம் என்றவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில். 2010-ல் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறையப் பாதிப் பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கினர் ஆம் என்றார்கள். வரியைப் பற்றியோ மருத்துவக் காப்பீட்டைப் பற்றியோ இருக்கும் கருத்து வேறுபாடு சம்பந்திப் பேச்சு வரைக்கும் வராது. வெறுப்பு வரும்.

இன்னொரு கணக்கு இதைவிடத் தெளிவானது. அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கும் தேர்தல் ஆய்வில், ஒவ்வொரு கட்சி மேலும் உங்களுக்கு எவ்வளவு ‘வெதுவெதுப்பு’ என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் கேட்பார்கள். சொந்தக் கட்சிக்குக் கொடுக்கும் மதிப்பெண் 70-ஐ ஒட்டியேதான் நடந்து வந்திருக்கிறது. எதிர்க் கட்சிக்குக் கொடுப்பதோ 1970-களின் கடைசியில் 50-ஐ நெருங்கி இருந்தது, 2020-ல் 20-ஐ ஒட்டி விழுந்துவிட்டது. தன் ஆள் மேல் காதல் கூடவே இல்லை. எதிராளி மேல் கசப்புதான் கூடியிருக்கிறது.

அப்படியானால் சரியான தமிழ்ச் சொல்லில் அந்தக் கசப்பும் இருக்க வேண்டும். துருவத்தில் தூரம் மட்டும்தான் இருக்கிறது. நம்மிடம் ‘முனை’ இருக்கிறதே! ஊசி முனை, தெரு முனை, வடமுனை என்று கடைக்கோடியைச் சொல்வதும் முனைதான். பழந்தமிழில் இரண்டு படைகள் நேருக்கு நேர் மோதும் இடமும் முனைதான். இன்றைக்கும் போர்முனை என்றுதானே சொல்கிறோம். தூரத்தையும் எதிர்ப்பட்டு நிற்பதையும் அந்த ஒரே சொல் தாங்குகிறது. அத்தை சொன்ன எதிரெதிர் வீடு!

அதோடு முடியவில்லை. தொல்காப்பிய உரியியலில் மூன்று சீர் கூட நிரம்பாத ஒரு நூற்பா உண்டு: “முனைவு முனிவாகும்.” முனைவு என்றால் வெறுப்பு, சினம். அது வெறும் அகராதிப் பொருள் அல்ல, புழங்கிய சொல். அகநானூறு 46-ஆம் பாட்டில் ஓர் எருமை வருகிறது, “சேற்றுநிலை முனைஇய செங்கட் காரான்.” கட்டுத்தறியின் சேற்றில் நிற்பது அதற்கு வெறுத்துப்போகிறது. ஊர் உறங்கும் இரவில் கயிற்றை அறுத்துக்கொண்டு, முள்வேலியைக் கொம்பால் தள்ளிவிட்டு, வயலில் இறங்கி மீன்கள் சிதறி ஓட, பூக்களை மேய்கிறது. மீனும் பூவும் என்ன பாடுபட்டன என்று அந்த எருமைக்குத் தெரியாது. அதை வெளியே தள்ளியது காலடிச் சேற்றின் மேல் இருந்த வெறுப்பு. இந்தப் பாட்டைப் படித்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. அரசியல் போலரைசேஷனுக்குத் தமிழ் ‘முனைவு’. இரண்டு தரப்பு என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘இருமுனைவு’.

வினையாகவும் சிரமமில்லாமல் வரும். சமூகம் முனைவுறுகிறது. ஒரு தலைவர் முனைவூட்டுகிறார். முனைவு தணிகிறது. ‘துருவமயமாக்கலுக்கு எதிரான செயல்முறை’ என்று இழுக்க வேண்டியதே இல்லை. முனைவர் பட்டம் நினைவுக்கு வந்து குழப்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த முனைதல் முயலுதல், வேறு பொருள். இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்வது நமக்குப் புதிதில்லை.

சரி, சொல் கிடைத்துவிட்டது. முனைவு வந்த இடத்தில் இன்னொரு கேள்வியும் வரும்: குறை தெரிந்தும் ஒரு தலைவரை ஏன் மக்கள் விடுவதில்லை? ‘கண்மூடித்தனம்’ என்று ஒரே சொல்லில் தாண்டிப் போவது எனக்குப் பிடிக்காது. அது அநியாயம். மேரியன் பேரியின் கதையைப் பாருங்கள். 1979 முதல் வாஷிங்டன் நகரத்தின் மேயர். 1990 ஜனவரியில் ஓர் ஓட்டல் அறையில் போதைப்பொருள் புகைத்தபோது மத்திய அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. கையும் களவுமாகப் பிடித்தது, வீடியோவே இருந்தது. ஆறு மாதம் சிறை. வெளியே வந்தவரை 1992-ல் எட்டாவது வட்டம் நகரமன்ற உறுப்பினராக்கியது. 1994-ல் நகரம் மறுபடியும் மேயராக்கியது. வெளியூர்க்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் எட்டாவது வட்டம் அனகோஸ்டியா ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஏழைக் கறுப்பினக் குடியிருப்பு. அங்கே எத்தனையோ பேருக்கு வாழ்க்கையின் முதல் சம்பளம் பேரி நடத்திய கோடைக்கால வேலைத் திட்டத்தில் கிடைத்தது. 1970-கள் வரை அந்த நகரத்துக்குத் தன் மேயரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமைகூட இல்லை. அவர் செய்த தப்பு அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அவரைப் பிடித்தது யார் என்பதும் தெரிந்திருந்தது.

இதற்கு நம்மிடம் ஒரு வழக்கு இருக்கிறது: விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பிள்ளை குடித்துவிட்டு வந்தால் உள்ளே போட்டுச் சாத்துவோம். எதிர்வீட்டுக்காரர் வந்து அதையே சொன்னால், “எங்க பிள்ளையைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்” என்போம். திட்டுவது வீட்டுக்குள், விட்டுக்கொடுக்காமல் இருப்பது வெளியாள் முன்னால். அரசியலிலும் இது இருந்தது. 1974 ஆகஸ்ட் 7 அன்று பாரி கோல்ட்வாட்டர் உட்பட மூன்று குடியரசுக் கட்சித் தலைவர்கள் வெள்ளை மாளிகைக்குப் போய், பதவிநீக்கத்திலிருந்து உங்களைக் காப்பாற்ற செனட்டில் வாக்கு இல்லை என்ற நிலைமையை, வாட்டர்கேட் ஊழலில் சிக்கியிருந்த தங்கள் கட்சி அதிபர் நிக்சனிடமே சொன்னார்கள். சொந்த வீட்டு ஆட்கள். மறுநாள் அவர் பதவி விலகலை அறிவித்தார்.

முனைவு முற்றும்போது அந்த ‘வீட்டுக்குள்’ என்ற இடமே காணாமல் போகிறது. எங்கே பேசினாலும் எதிர்வீட்டுக்குக் கேட்கும். லிஸ் செனி குடியரசுக் கட்சியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், பழைமைவாதி, முன்னாள் துணை அதிபரின் மகள், பெரும்பாலான வாக்கெடுப்புகளில் டிரம்ப் பக்கம் நின்றவர். 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கட்டடக் கலவரத்துக்குப் பிறகு டிரம்ப் மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டுக்கு ஆதரவாக வாக்களித்தார். சில மாதங்களில் கட்சிப் பொறுப்பு போனது. 2022 ஆகஸ்டில் வயோமிங் மாநிலத்தில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சித் தேர்தலில் பெரும் வித்தியாசத்தில் தோற்றார். உள்ளிருந்து திட்டியவர் வெளியாள் ஆக்கப்பட்டார். 2024 மே 30 அன்று நியூயார்க் ஜூரி 34 குற்றச்சாட்டுகளிலும் டிரம்ப் குற்றவாளி என்றது; நவம்பரில் அதிபர் தேர்தலில் அவர் வென்றார். தீர்ப்பைக் கேட்டவர்களில் பலருக்கு அது எதிர்வீட்டுக்காரர் வந்து சொன்ன குறையாகத்தான் கேட்டது. ஒரு கட்சியின் குணம் மட்டும் அல்ல இது. 1998 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சி அதிபர் கிளின்டன் மேல் பதவிநீக்கக் குற்றம் சாட்டிய அதே நாட்களில், அவருக்கு ஆதரவு நூற்றுக்கு எழுபதைத் தாண்டியது.

இங்கே ‘கட்சி’ என்ற சொல்லையும் ஒரு தடவை தொட்டுவிட வேண்டும். இன்று நாம் சொல்லும் கட்சி, பழைய பத்திரிகைகளில் ‘கக்ஷி’ என்று அச்சான வடசொல். வழக்கில் ஒரு தரப்பு என்று பொருள், வக்கீலின் ‘கட்சிக்காரர்’ அதன் மிச்சம். சங்கத் தமிழில் அதே ஓசையில் வேறொரு ‘கட்சி’ உண்டு. புறநானூறு 202-ல் கபிலர், வேட்டுவர் துரத்த ஓடும் ஒரு காட்டெருதைச் சொல்கிறார், “கட்சி காணாக் கடமா நல்லேறு.” அங்கே கட்சி என்றால் புகலிடம். பிறப்பால் இரண்டுக்கும் உறவு இல்லை என்றாலும், எட்டாவது வட்டத்துக்காரர்களை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கடமாதான் என் கண் முன்னால் ஓடுகிறது. துரத்துகிறவர்கள் பின்னாலேயே வரும்போது, ஒதுங்கும் புதரில் முள் இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்?

இதையெல்லாம் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எருமைக் கதையை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம் மாமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 1972-ல் கட்சி பிளந்தபோது மாமா ஒரு பக்கம், அவர் தம்பி ஒரு பக்கம். நடுவில் ஒரே சுவர், இரண்டு கொடிக்கம்பம், பதினோரு வருஷம் பேச்சில்லை. “உங்க மாமா ராத்திரி கதவைச் சாத்திட்டு தலைவரைத் திட்டித் தீர்ப்பாரு. சன்னலைத் திறந்து வெச்சா வாயே திறக்க மாட்டாரு,” என்றார். “தம்பிக்குக் கேட்டுடும்னு.”